விடுமுறையில் பிள்ளைகள் தூங்கட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பத்து மணி வரை தூங்கும் பிள்ளைகளையும் அவர்களை எழுப்பாத தாய்மார்களையும் சென்ற ஞாயிறு இப்பகுதியில் ஒரு வாசகர் வெளுத்து வாங்கியிருந்தார். அந்தத் தாய்மார்களில் நானும் ஒருத்தி. பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவுப் பணி வரும் வாரங்களில், காலையில் வீடு திரும்பிக் குளித்துவிட்டுப் படுத்தால் மதியத்துக்கு மேல்தான் எழுவேன். என்னை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. ‘பாவம், இரவெல்லாம் நின்ற கால்’ என்று பக்கத்து வீட்டார் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். மாமியார் மிக்ஸியைக்கூடப் போடமாட்டார். அதே மாமியார், இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள் விடுமுறையில் ஒன்பது மணி வரை படுத்திருந்தால், அறை வாசலில் நின்று அவளுடைய வருங்காலக் கணவனுக்காக வருத்தப்படுகிறார்.

அந்தப் பெண்ணின் பள்ளி நாள் எப்படிப் போகிறது? ஐந்தேகாலுக்கு எழுகிறாள். ஆறு மணி கழிந்து சற்று நேரத்தில் வேன் வந்துவிடும். பள்ளி முடிந்தால் விளையாட்டு, கழகம் என்று புறப்பாட நடவடிக்கை, அது இல்லாத நாளில் கூடுதல் வகுப்பு. மாலையில் பிரத்தியேக வகுப்பு: ஒரு நாள் கூடுதல் கணிதம், ஒரு நாள் வேதியியல், ஒரு நாள் வரலாறு. வீடு வந்து சாப்பிட்டு, பாடம் எழுதி முடிக்க நள்ளிரவு. கணக்குப் போட்டால் தூக்கம் ஐந்து மணி நேரம் சொச்சம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. கட்டாமல் விட்ட தவணைப் பணம்போல் தூக்கமும் வாரா வாரம் பாக்கி ஏறுகிறது. அதில் ஒரு பங்கை விடுமுறையில் அவள் திருப்பிக் கட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

தம் காலத்தில் விடியுமுன்பே எழுந்ததாக அந்த வாசகர் பெருமைப்பட்டிருந்தார். என் அப்பாவும் அப்படித்தான். பால் மர (ரப்பர்) தோட்டத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போய் நின்றவர். ஆனால் நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இரவு ஒன்பதரைக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் அப்பா பாதித் தூக்கம் தூங்கியிருப்பார். அவர் எழுந்த நேரம் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, படுத்த நேரத்தை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. 1982 ஜனவரி 1-ஆம் தேதி, சபா, சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. சூரியன் நகரவில்லை. பினாங்கு நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் இங்கே பிப்ரவரியில் பொழுது விடிய ஏழரை மணி ஆகிவிடுகிறது. ஆக, எங்கள் பிள்ளைகள் ஐந்தேகாலுக்கு எழும்போது விடியலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. இதற்கு மேலும் சீக்கிரம் எழவேண்டும் என்றால், முதல் நாளே எழுந்துவிட வேண்டியதுதான்.

பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு இந்த வயதினருக்கு இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குமாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014-இலேயே சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. இதையெல்லாம் தேடி எடுத்து என் முன் வைத்தவள் மகள்தான். தன் தூக்கத்துக்காக இவ்வளவு வாதாடுகிறவள் நாளை நீதிமன்றத்துக்குப் போனால் நன்றாகவே பிழைத்துக்கொள்வாள்.

நம்பாதவர்கள் தைப்பூசத்துக்கு முந்தின இரவு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வந்து பாருங்கள். காலையில் தண்ணீர் தெளித்தாலும் அசையாத இதே பிள்ளைகள், நள்ளிரவு தாண்டியும் பந்தலில் தேங்காய் மூட்டை இறக்குகிறார்கள், மோர் கலக்கிக் கொடுக்கிறார்கள், ரதம் நெருங்கும்போது வழியை ஒழுங்குசெய்கிறார்கள். அந்த நேரத்தில் கொட்டாவி விடுபவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

எல்லாவற்றுக்கும் கைப்பேசிதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. எங்கள் வீட்டில் பதினொரு மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும், என் கணவருடையது உட்பட, சமையலறைக்குப் போய்விட வேண்டும். அதிகம் முணுமுணுப்பவர் என் கணவர். கைப்பேசி போன பிறகும் மகள் புரண்டு படுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

பெற்றோரின் பயம் எனக்கும் புரியாமல் இல்லை. ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் போனது, மூன்றாம் படிவத்தில் எழுதும் பிடி3 தேர்வு 2022-இல் போனது. இப்போது ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்கள் எழுதப்போகும் முதல் அரசாங்கத் தேர்வே, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.தான். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல நடுவில் ஒரு தேர்வும் இல்லாததால், கையில் கிடைக்கும் நாளையெல்லாம் வகுப்பால் நிரப்பிவிடுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போன எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு 2025-இலிருந்து மறுபடி ஆண்டு இறுதிக்கு வந்துவிட்டது. தீபாவளி முறுக்கும் சோதனைத் தாள்களும் ஒரே மேசையில் கிடக்கின்றன. வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதியியல் ஆசிரியர் இல்லையென்றால் என் மகளின் கதி என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் விடுமுறைச் சிறப்பு வகுப்பைக் காலை எட்டு மணிக்குத்தான் வைக்க வேண்டுமா? முன்வரிசையில் இருப்பவர்களே தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். அதற்கும் கட்டணம் வாங்குகிறார்கள், நாமும் கட்டுகிறோம்.

பத்து மணிக்கு எழுந்தால் நாள் வீணாகிவிடும் என்பதும் சரியில்லை. எழுந்தபின் மகள் மீன் ஆய்கிறாள், துணி காயப்போடுகிறாள், மதியப் பள்ளியில் படிக்கும் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளி நாட்களில் எரிந்து விழுகிற பெண், விடுமுறையின் நான்காம் ஐந்தாம் நாளுக்கு மேல் சமையலறையில் என் பக்கத்தில் நின்று தானாகப் பேசத் தொடங்குகிறாள். தோழியோடு சண்டை, பிடிக்காத பாடம், அடுத்த ஆண்டு என்ன படிப்பது என்ற குழப்பம் எல்லாம் அப்போதுதான் வெளியே வருகின்றன. எழுப்பித் திட்டிய காலைகளில் இவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

எங்கள் குடியிருப்புத் தாய்மார்கள் சிலர் சேர்ந்து, வகுப்பைப் பத்தரைக்கு மாற்றும்படி ஆசிரியரிடம் கேட்டோம். அவர் மறுக்கவில்லை. வாடகைக்கு எடுத்திருக்கும் இடம் காலையில் மட்டும்தான் கிடைக்கிறது என்றார். திருமணம் இல்லாத நாட்களில் பல கோயில் மண்டபங்கள் காலைப் பூசைக்குப் பிறகு பூட்டித்தான் கிடக்கின்றன. பட்டர்வொர்த், பிறை வட்டாரக் கோயில் நிர்வாகத்தினர் விடுமுறை வாரங்களில் பத்தரையிலிருந்து ஒரு மணி வரை அவற்றைத் திறந்துவிட்டால் போதும். மின்கட்டணத்தைப் பெற்றோர்களாகிய நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம், கூட்டித் துடைக்கவும் ஆள் இருக்கிறது.

ஒரு தாய்,
பட்டர்வொர்த்.