பொதுப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்: கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த செமஸ்டருக்கான கால அட்டவணை வந்துவிட்டது. உயிரியல், புள்ளியியல், வரலாறு ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து நடத்திவந்த தொற்றுநோய்ப் பாடம் அதில் இல்லை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வாரம் ஒருமுறை ஒதுக்கியிருந்த இரண்டு மணி நேரத்தையும் காணோம். பணிச்சுமைக் கணக்கு ஒத்துவரவில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அதே வாரத்தில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. மாணவர்கள் துறைவாரியாகப் பிரிந்து கிடக்கிறார்கள், கல்லூரியோடு அவர்களுக்கு ஒட்டுதல் குறைந்துவிட்டது, இதைச் சரிசெய்ய யோசனை சொல்லுங்கள் என்று அதில் கேட்டிருந்தீர்கள்.

இரண்டையும் படித்த பிறகு வாய்மூடி இருக்க முடியவில்லை. எங்கள் யோசனை ஒன்றுதான். அந்தப் பொதுப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள். அதில் சேர்ந்து வகுப்பெடுக்கும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் முழு நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதை உங்களில் பெரும்பாலோர் நேரில் பார்த்ததில்லை. அதனால் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். 1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் பரவிய காலராதான் அன்றைய பாடம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவில் இருந்த குடிநீர்ப் பம்பைச் சுட்டிக்காட்டினார். வரைபடத்தைப் பார்த்ததுமே உயிரியல் மாணவர்கள் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடப் போனார்கள். புள்ளியியல் மாணவி ஒருத்தி விடவில்லை. ஒரு தெருவில் மொத்தம் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று தெரியாமல், இறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? ஆள் நெருக்கம் அதிகமான தெருவில் சாவும் அதிகமாகத்தானே இருக்கும்? அது போகட்டும், பம்புக்கு அருகிலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்?

கடைசிக் கேள்விக்கு விடை வரலாற்றுத் துறை மாணவன் ஒருவனிடம் இருந்தது. அந்த ஆலையில் வேலை செய்தவர்களுக்குக் குடிக்க பீர் கிடைத்தது, ஆலைக்குள்ளேயே ஆழமான கிணறும் இருந்தது, தெருப் பம்பின் தேவையே அவர்களுக்கு வரவில்லை என்றான். அப்புறம் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரின் கதையையும் அவனே சொன்னான். வைட்ஹெட் முதலில் ஸ்னோவின் முடிவை நம்பவில்லை. அது தவறு என்று காட்டத்தான் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அவருக்கு அந்த மக்களை நன்றாகத் தெரியும், அவரிடம் அவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். அதே பிராட் தெருவின் 40-ஆம் எண் வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர், பம்பின் கிணற்றுக்குச் சில அடி தூரத்திலிருந்த கழிவுக்குழியில் கொட்டப்பட்டது என்ற தடயத்தைப் பிடித்தவர் அவர்தான். மருத்துவரின் வாதத்துக்குக் கடைசியில் வலுச்சேர்த்தது அவரை நம்பாமல் கிளம்பிய பாதிரியாரின் விசாரணை.

அந்த மாணவியும் மாணவனும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. இப்போது அவன் தன் ப்ராஜெக்ட்டில் வரும் மக்கள்தொகைக் கணக்கை அவளிடம் காட்டிச் சரிபார்க்கிறான். அவள் தன் அறிக்கையை அவனிடம் கொடுத்து, புரிகிறதா என்று கேட்கிறாள். ஒட்டுதல் என்று நீங்கள் தேடுவது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, அது இல்லாமல் என் வேலை நகராது என்ற நிலை வரும்போதுதான் மாணவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போகிறார்கள். ஒருநாள் விழா நடத்தி அந்தத் தேவையை உண்டாக்க முடியாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்று பல்லாண்டுகள் ஆராய்ந்த வின்சென்ட் டின்டோ, 1990-களில் இப்படி இணைத்து நடத்தப்பட்ட பாடங்களைக் கவனித்தார். அவற்றில் சேர்ந்த மாணவர்கள் வகுப்புக்கு வெளியேயும் ஒருவருக்கொருவர் துணையாகக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள், படிப்பைத் தொடர்ந்தவர்களும் அவர்களில் அதிகம்.

இனி அந்தப் பணிச்சுமைக் கணக்குக்கு வருகிறேன். உங்கள் படிவத்தில் ஒரு பாடவேளைக்கு ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருக்கிறது. வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் நின்று பாடம் நடத்தினாலும் ஒருவருக்குத்தான் கணக்கு. எங்களில் வரலாற்றுப் பேராசிரியை செமஸ்டர் முழுவதும் தவறாமல் வந்தார். மாணவர்களின் கட்டுரைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்தினார். படிவத்தில் அவர் பெயர் இல்லாததால், அவருக்கு வேலை குறைவு என்று முடிவு கட்டி, விடுப்பில் போனவர்களின் வகுப்புகளை அவர் தலையில் கட்டினார்கள். அதையும் எடுத்துவிட்டு எங்கள் வகுப்புக்கு ஓடிவந்தார். செமஸ்டர் முடிவில் அவர் கைக்கு வந்தது, பணிநேரம் ஏன் குறைகிறது என்று விளக்கம் கேட்கும் கடிதம். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன். அந்த அம்மையாரிடம் ஒரு வார்த்தை நேரில் கேட்டிருக்கலாம்.

எதைத் தொட்டாலும் இந்தக் கதைதான். இரு துறையினர் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினால் அது எந்தத் துறையின் கணக்கில் சேரும் என்று சண்டை. ஒரு துறையின் லேப்பில் இன்னொரு துறை மாணவன் கால் வைக்க மூன்று கையெழுத்து வேண்டும். மதிப்பெண் பதிவேற்றும் மென்பொருளில் துறைக் குறியீடு ஒன்றுதான் போட முடியும் என்பதால், மற்ற இரு துறை மாணவர்களும் எழுதிய தேர்வுக்கு கிரெடிட் வராமல் மாதக்கணக்கில் அலைந்தார்கள். பிரிந்து கிடப்பது மாணவர்களின் குணம் என்று சுற்றறிக்கை எழுதுகிறோம். பிரித்து வைத்திருப்பது நாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். இப்படிப் பாடம் நடத்துவதில் சிக்கல் இல்லாமல் இல்லை. முதல் சில வாரங்கள் ஒவ்வொரு துறை மாணவரும் மற்றத் துறையை லேசாகத்தான் நினைக்கிறார்கள். மூவரும் ஒரே விடைத்தாளைத் திருத்தினால் மதிப்பெண் மூன்று விதமாக வருகிறது, உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நேரம் கொடுத்தால் தீரும் சிக்கல்கள்.

வழக்கமான அமைப்புக்குள் இடம் கொடுக்காமல் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்ற கல்வியாளர் 1927-ல் ஒரு பரிசோதனைக் கல்லூரி தொடங்கினார். துறைப் பாடங்களுக்குப் பதிலாக, முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் பழைய ஏதென்ஸ் நாகரிகத்தை எல்லாக் கோணத்திலும் சேர்ந்து படித்தார்கள். பல்கலைக்கழகத்தின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் தனித்தே நின்றதால், 1932-ல் அதை மூடியபோது தாங்கிப் பிடிக்கப் போதிய ஆள் இல்லை. மாறாக, அமெரிக்காவிலேயே எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி 1971-ல் மாணவர்களைச் சேர்த்தபோது, பல துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பாடத்தையே வழக்கமான கால அட்டவணையாக வைத்தது. அங்கே அந்த முறை நிலைத்தது. எங்கள் பாடமும் ஆசிரியர்களின் தனிப்பட்ட ஆர்வத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். வாரம் இரண்டு மணி நேரப் பொதுப் பாடவேளையை அட்டவணையில் மீண்டும் சேருங்கள். பணிச்சுமைப் படிவத்தில் இரண்டாவது பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் இடம் விடுங்கள். வரலாற்றுப் பேராசிரியைக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அட்டவணை இறுதியாகும் முன் எங்களையும், அந்த வகுப்பில் படித்த மாணவர்கள் சிலரையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். எந்த நாள் என்று சொன்னால் போதும், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தொற்றுநோய்ப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் சார்பாக,
புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவர்