கட்டி முடித்தால்தான் ஓட்டு

முருகேசா,

மகள் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. பெரியப்பா பெயரை மூன்றாவதாகப் போட்டிருக்கிறாயே, வீடு இன்னும் நிற்கிறதா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர், இளவயதில் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனவர். தண்டனையும் முடிந்தது, கண்காணிப்புக் காலமும் முடிந்தது, பேரனும் எடுத்தாகிவிட்டது. வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்துவிட்டார். பயப்படுகிறாரடா!

முன்பெல்லாம் இங்கே, அமெரிக்காவின் புளோரிடாவில், இப்படி உள்ளே போனவர் ஓட்டுரிமையைத் திரும்பப் பெற ஆளுநர் தலைமையிலான கருணைக் குழுவிடம் மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். 2018 நவம்பரில் புளோரிடா மக்களே ஓட்டுப் போட்டு அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். 60 சதவீதம் வேண்டியிருந்தது, 64-க்கு மேலேயே விழுந்தது. கொலை, பாலியல் குற்றம் நீங்கலாக, தண்டனை முடித்த எல்லோருக்கும் ஓட்டுரிமை. சுமார் 14 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே அன்றைக்குத்தான்.

மறு வருஷமே சட்டமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: அபராதம், கோர்ட் கட்டணம், நஷ்டஈடு எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டுமாம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க மாநிலம் முழுவதற்குமான ஒரே பதிவேடு கிடையாது. 2020 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஹிங்கிள், கட்ட வசதியில்லாதவரைத் தடுக்கக் கூடாது என்றார். செப்டம்பரில் மேல்முறையீட்டில், நீதிபதிகள் 6-க்கு 4 என்று பிரிந்து, அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேர் கைது. கொலை, பாலியல் வழக்குக்காரர்கள், தகுதி இல்லாதவர்கள்தான். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததே அரசு அலுவலகம்! பெரியவர் அந்தச் செய்தியை இன்னும் மறக்கவில்லை.

நம் ஊரில் விடுதலையானால் மறுபேச்சில்லாமல் ஓட்டு உண்டு என்று நீ காலரைத் தூக்குவாய், தெரியும். சிறையில் இருப்பவர் ஓட்டுப் போடக் கூடாது என்கிற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5)-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள் வக்கீல் சார். தீர்ப்பே வராத விசாரணைக் கைதிக்கு ஓட்டில்லை, ஜாமீனில் வந்தவனுக்கு உண்டு. ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வழியில்லாத ஏழைதானே அங்கேயும் உள்ளே கிடக்கிறான்? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது, தீர்ப்பு மேற்கோள் வேண்டாம்.

பெரியவரின் பாக்கியைக் கட்ட நாங்கள் நாலு பேர் தயாராக இருக்கிறோம். தொகை எவ்வளவு என்று எழுத்தில் தரத்தான் இதுவரை எந்த அலுவலகமும் முன்வரவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.

கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சு.

பாலு