வடக்கு ஒளி பார்க்கப் போகும் முன் கேமராவோடு கடைக்கு வாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வடக்கு ஒளி, அதாவது வடதுருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் வண்ண ஒளி பார்க்க நார்வே, ஐஸ்லாந்து என்று கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். பால்மரம் வெட்டி வளர்த்த அப்பா அம்மாவைப் பிள்ளைகள் அழைத்துப் போவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. திரும்பி வந்ததும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்யக் கேட்கிறார்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் சரிசெய்துவிடலாம். ஃபோகஸ் தப்பியதையும் வளையம் விழுந்ததையும் காப்பாற்றுவது கடினம். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் வளையம். லென்ஸுக்குப் பாதுகாப்பாக யூவி ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள். பகலில் இருக்கட்டும், தொந்தரவில்லை. ஆனால் வடக்கு ஒளியின் பச்சை, 100 கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் அணுக்கள் விடும் ஒளி, 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளம். அப்படிப்பட்ட ஒளி ஃபில்டரின் தட்டைக் கண்ணாடிக்குள் இரு பக்கமும் பட்டுத் திரும்பும்போது, படத்தின் நடுவே வட்டம் வட்டமாகக் கோடு விழும். கேமராவின் சின்னத் திரையில் கண்ணில் படாது, பிரிண்டில் பளிச்சென்று தெரியும். கழற்றிவிட்டு எடுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். இருட்டில் ஆட்டோ ஃபோகஸை நம்ப முடியாது. மேனுவலுக்கு மாற்றி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை மெதுவாகத் திருப்புங்கள். இதைப் பழக நார்வேயின் ட்ரோம்சோ நகரம் வரை போக வேண்டாம். மழை மேகம் இல்லாத இரவில் வீட்டு வாசலே போதும். கையுறை போட்டுக்கொண்டே பழகுங்கள். அங்கே அதைக் கழற்ற மனசு வராது.

மற்றதெல்லாம் சுலபம். ட்ரைபாட் கட்டாயம். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணரும் அளவான ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஒளி வேகமாக ஆடினால் 3 அல்லது 4 விநாடி, அசையாமல் நின்றால் 10 விநாடி. ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிவு செய்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாக எடுத்தால் எங்களுக்கும் வேலை நன்றாக வரும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள், இல்லையென்றால் லென்ஸெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரைதான் காலம். கோடையில் அங்கே வானம் சரியாக இருட்டுவதே இல்லை.

ட்ரைபாட் வாடகைக்குத் தருகிறோம். சொல்லித் தருவதற்குக் காசு இல்லை. சனிக்கிழமை மாலையில் வந்தால் சாவகாசமாகப் பேசலாம்.