ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், "அறிக்கையை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வில் அவர்களுக்கு எழுதிக்கொடுப்பதும், பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவதும் நம் சங்கத்தின் வேலை. இரண்டும் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. செயற்குழு விதிப்படி கூடியது. போதிய ஆள் வராததால் தள்ளிவைத்த கூட்டங்களும் உண்டு. புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பும் ஆண்டு விழாவும் நல்லபடியாக முடிந்தன.

இனி, "செயலாளர் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுத்துத் திரிகிறார்" என்று பேசப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வுக் காலத்தில் எழுதிக்கொடுக்க ஆள் போதவில்லை. புதியவர்கள் வரவேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நம் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்ததெல்லாம் மேடைப் படங்கள். யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றியுரை என்பது தெரியும். ஒரு மாணவரின் குரலைக் கூட அங்கே கேட்க முடியாது. அதனால், சம்பந்தப்பட்டவரே தன் அனுபவத்தைத் தன் குரலில் இரண்டு மூன்று நிமிடம் சொல்லும் சிறு வீடியோக்களைத் தொடங்கினோம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990களிலேயே கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் இதைப் பயிற்சியாகவே நடத்தினார்கள்.

முதல் வீடியோவுக்கே சண்டை வந்தது. எத்தனை தேர்வு, எத்தனை புத்தகம் என்ற கணக்கோடுதான் தொடங்கவேண்டும் என்று செயற்குழுவில் ஒருவர் நின்றார். அவருக்கு 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டினேன். ஆப்பிரிக்காவின் பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்களைவிட, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் நன்கொடை கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை மறுபடி இறங்கிவிட்டது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் எதிர்ப்பையும் விட்டுவிட்டார். எண்கள் அறிக்கையில் இருக்கட்டும் என்று முடிவானது.

முதலில் பேசிய மாணவி, கேமராவைத் திறந்ததும் மனப்பாடம் செய்துவந்த வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். சங்கத்தின் மேலான சேவை, தன்னலமற்ற உள்ளங்கள், இத்யாதி. சரி, முடியட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் சும்மா பேச்சுக் கொடுத்தபோது சொன்னார்: "நான் சொன்னதைத்தான் எழுதுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் நீளமாகச் சொல்லி முடிப்பதற்குள் பேனா நின்றுவிட்டால் வயிற்றைக் கலக்கும்." மறுபடி பதிவை ஓடவிட்டு அதையே சொல்லச் சொன்னோம். வீடியோவில் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் சில நொடிகள் வரும், வேறு ஒன்றும் இருக்காது. எழுதிக்கொடுக்கப் புதிதாக வந்த சிலர் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

அதே பதிவில், குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது அவர் அழுத ஓர் இடம் இருந்தது. வெளியிடும் முன் முழுவதையும் அவருக்குப் போட்டுக் காட்டினோம். அந்த இடம் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். "அதுதானே மனசைத் தொடும், அதைப் போய் வெட்டிவிட்டீர்களே" என்று இரண்டு மூத்த உறுப்பினர்கள் இன்றுவரை வருத்தப்படுகிறார்கள். இன்று போட்ட வீடியோ நாளைக்கு யார் யார் போனில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. நாம் நம் பக்கத்திலிருந்து நீக்கினாலும் அனுப்பப்பட்ட பிரதிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த மாணவி நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த அழுகை கூடவே வரும். சம்மதம் என்பது ஆரம்பத்தில் ஒருமுறை கையெழுத்து வாங்குவது அல்ல என்பதில் நான் இறங்கிவரத் தயாரில்லை. விரும்பினால் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், பதில் சொல்கிறேன்.

இன்னொன்று. நம் அறிவிப்புகளை எல்லாம் வண்ணப் படமாகச் செய்து அனுப்புவது பல ஆண்டு வழக்கம். போன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ வைத்துக் கேட்பவருக்கு, படத்துக்குள் இருக்கும் எழுத்து ஒழுங்காகக் கேட்காது. பல நேரம் "படம்" என்பதோடு முடிந்துவிடும். பார்வையற்றவர்களுக்கான சங்கம், பார்வையுள்ளவர்களுக்கு மட்டும் அழைப்பிதழ் அனுப்பிக்கொண்டிருந்தது! இப்போது ஒவ்வொரு படத்தோடும் விவரத்தை எழுத்தாகவும் தருகிறோம். வீடியோக்களில் வசனமும் எழுத்தாக ஓடும். பேருந்தில் சத்தம் இல்லாமல் பார்ப்பவருக்கும், காது கேளாதவருக்கும் அது ஒன்றாகவே உதவுகிறது.

"ஐஸ் பக்கெட் சேலஞ்ச் மாதிரி நாமும் ஏதாவது செய்யலாமே" என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வந்தது. தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் சவால் அது. 2014 கோடையில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு அதன் மூலம் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது உண்மை. அது பரவியது தண்ணீரால் மட்டும் இல்லை. ஊற்றிக்கொண்டவர் வேறு சிலரைப் பேர் சொல்லி அழைப்பார், அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்யவேண்டும், இல்லையென்றால் நன்கொடை கொடுக்கவேண்டும். அதாவது ஒவ்வொருவரும் அடுத்தவரை இழுத்தார்கள். நம் உறுப்பினர் குழுவில் வீடியோவைப் போட்டால் கைகூப்பும் படங்கள் வரிசையாக வருகின்றன. தன் சொந்தக்காரர்களுக்கோ அலுவலக நண்பர்களுக்கோ அனுப்பியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காலை வணக்கப் படங்கள் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் எல்லாக் குழுக்களுக்கும் போய்ச் சேருகின்றன.

மைக் வாங்கியதைப் பற்றியும் கேள்வி வந்தது. அது ஒலிப்பதிவுப் புத்தகங்களுக்கும் பயன்படுகிறது. ஃபேன் இரைச்சலோடு பதிவான பழைய பாடங்களை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், கையிருப்பு சமாளிக்கும் அளவுக்கு இருக்கிறது. சந்தா பாக்கிதான் முக்கியக் காரணம். சிலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. பெயர்ப் பட்டியலை வாசிக்கும்படி பொருளாளர் சொன்னார். இந்த ஆண்டு வாசிக்கவில்லை.

ஒத்துழைத்த தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், குரல் கொடுத்த தன்னார்வலர்களுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், தங்களைப் பற்றிப் பேசச் சம்மதித்த மாணவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மாதம் ஒரு கதையாவது வரவேண்டும் என்று நினைக்கிறேன். பேச மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். படம் எடுக்க, வெட்டி ஒட்ட, எழுத்துப் போட இப்போதைக்கு நான் ஒருவன்தான். உறுப்பினர்களின் வீட்டில் இதெல்லாம் தண்ணீர் பட்டபாடாக இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதாகக் கேள்வி. ஞாயிறு ஒரு மணி நேரம் அனுப்பினால் போதும். செயலாளர் பொறுப்பையே யாராவது ஏற்றுக்கொள்வதானால் பக்கத்தின் பாஸ்வேர்டை இன்றைக்கே தந்துவிடுகிறேன். மைக் அலமாரியில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயேதான், அதில் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்