எழுபதுக்கு முன்னால் ஒரு பள்ளம்

ஆசிரியருக்கு,

எழுபது வயதான எவருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சிகிச்சை என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது நல்ல காரியம். தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். சிக்கலும் அங்கேதான்.

பல அலுவலகங்கள் குழுக் காப்பீட்டில் ஊழியரின் பெற்றோரையும் சேர்க்கின்றன. பிரீமியத்தை ஏற்றிவிடுவது பெரும்பாலும் அவர்களுடைய செலவுதான். பாலிசியைப் புதுப்பிக்கும் சமயத்தில் நிர்வாகத்தின் கண் முதலில் அவர்கள் மேல்தான் விழும். "அதான் அரசாங்கமே கொடுக்கிறதே" என்று சொல்ல இப்போது ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. சரி, எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஓரளவு மாற்று உண்டு. (அந்த 5 லட்சமும் கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்துத்தான்.) அறுபத்து நான்கு வயது அம்மா எங்கே போவார்? குழுக் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

பெற்றோரை ஒரேயடியாக நீக்குவதற்குப் பதில், எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 லட்சத்தைத் தாண்டும் செலவை மட்டும் ஏற்கும் டாப்-அப் பாலிசி எடுக்கலாம். அதில் மிச்சமாகும் பணத்தை அறுபதுகளில் இருக்கும் பெற்றோரின் பிரீமியத்துக்குக் கொடுக்கட்டும். தொழிற்சங்கங்களும் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதைக் கேட்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்