கோகன் ஜாடியை வனைஞ்சது கோகன் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் செஞ்ச மண்பாண்டங்களைப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. ஓவியத்தை விட்டுட்டு அந்தப் பக்கம் போய் தமிழ்ல யாராவது எழுதினதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா நடுவுல பெருசா ஒரு படம் இருந்துச்சே, பிரான்ஸ்ல பிரிட்டனி பக்கத்துப் பொண்ணுங்க நிக்குற ஜாடி, அதை கோகனே சக்கரத்துல வனைஞ்சதா படத்துக்குக் கீழ போட்டுட்டீங்க, அது தப்பு. கோகன் பெரும்பாலும் மண்ணை உருட்டித் திரிச்சு கையாலேயே சுத்திச் சுத்தி ஏத்துற ஆளு, அதனாலதான் அவர் சாமான் எல்லாம் கோணலா, காது ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம்னு இருக்கும். இந்த ஜாடி மட்டும் அவ்வளவு சீரா நிக்குதேன்னு பார்த்தாலே தெரிஞ்சிருக்கும், அதை வனைஞ்சது எர்னஸ்ட் ஷாப்லே, கோகன் அது மேல படம் போட்டார். கட்டுரையை மூணு தடவை படிச்சேன், ஷாப்லே பேர் எங்கயுமே இல்லை, ஒரு குயவர் ஒத்தாசை பண்ணினார்னு ஒரே ஒரு வரி போகுது. அந்த 'ஒரு குயவர்' யாருன்னு சொல்லத்தான் இந்த லெட்டர்.

ஷாப்லே 1835ல செவ்ர்ல பொறந்தவர். பிரான்ஸ் அரசாங்கத்தோட பீங்கான் ஆலை இருக்குற ஊர் அது, பள்ளிக்கூடம் போற வயசுலேயே அங்க வேலை பழகச் சேர்ந்துட்டார். அப்புறம் பூர்-லா-ரென்ல ஒரு பட்டறையில ரொம்ப வருஷம். கலர் கலந்த மண்ணுக்கூழை ஆயில் பெயிண்ட் மாதிரி தடிப்பா அப்பிப் படம் போடுற பார்பொட்டீன்னு ஒரு வேலையை அங்கதான் உருவாக்கினார், அது சக்கைப்போடு போட்டுச்சு, லிமோஜ்ல பீங்கான் கம்பெனி வச்சிருந்த ஹாவிலண்ட் காரங்க 1875ல அவரை பாரிஸ் ஓத்தேய்ல இருந்த தங்களோட ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. கொஞ்ச வருஷத்துல ஜனங்களுக்கு அது சலிச்சுப் போச்சு, உண்மையைச் சொன்னா எனக்கும் அந்த பார்பொட்டீன் ஜாடிங்க பெருசா பிடிக்காது, பூவை அள்ளி அப்பின மாதிரி இருக்கும்.

1882ல ரூ ப்லோமேன்னு ஒரு தெருவுல ஹாவிலண்ட் இன்னொரு பட்டறை போட்டு இவர் கையில கொடுத்தாங்க. நார்மண்டி பக்கம் வீட்டுல புழங்குற முரட்டு ஸ்டோன்வேர், அதாவது அதிக சூட்டுல சுட்டு கல்லு மாதிரி இறுகின மண்பாண்டம், இருக்கு பாருங்க, யாரும் அதை ஷோகேஸ்ல வைக்க மாட்டாங்க, அந்த மண்ணை எடுத்து கலைப்பொருளாக்கினார், பழுப்பு நிறத்துல, அலட்டல் இல்லாம. அந்தச் சாமான்களைக் கவுத்துப் பார்த்தா அடியில ஜெபமாலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும். பிரெஞ்சுல ஜெபமாலைக்கும் இவர் பேருக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், மனுஷன் தன் பேரையே மணிமணியா கோத்து அடியில ஒளிச்சு வச்சிருக்கார். 1886ல ப்ராக்மோன்ங்கிற ஓவியர் மூலமா கோகன் வந்து சேர்ந்தது இந்தப் பட்டறைக்குத்தான், அந்தக் குளிர்காலத்துல மட்டும் அம்பதுக்கு மேல செஞ்சிருக்கார். மண்ணும் சூளையும் ஷாப்லேயோடது.

1887ல பட்டறையை ஒகுஸ்த் தெலாஎர்ஷ்ங்கிற இன்னொரு குயவருக்கு வித்துட்டு ஷாப்லே பாரிஸ் பக்கத்துல இருக்குற ஷுவாசி-லெ-ருவாவுக்குப் போயிட்டார். காரணம் ஒரே ஒரு கலர், அந்த சிவப்பு. சீனாக்காரங்க பீங்கான்ல கொண்டு வந்த மாட்டு ரத்தச் சிவப்பு, அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஆலை ஆலையா அதுக்காக மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. இதுல என்ன கஷ்டம்னு எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏன்னா நானும் லீவு நாள்ல சின்ன கேஸ் சூளை வச்சு சுடுற ஆளு. சாமான் மேல கண்ணாடி மாதிரி உருகிப் படியுற பூச்சு, அந்த க்ளேஸ்ல தாமிரம் நூத்துக்கு அரைப் பங்கு இருந்தாலே போதும், ஆனா 1,280 டிகிரி பக்கம் ஏறுற வரைக்கும் உள்ள போற காத்தைக் குறைச்சு, நெருப்பு ஆக்சிஜனுக்கு ஏங்கி க்ளேஸ்ல இருக்குறதையே புடுங்குற மாதிரி வச்சிருக்கணும். காத்து கொஞ்சம் கூடிப்போனா பச்சை, புகை கூடிப்போனா ஈரல் கலர். என்னோட போன சூளையில ஒரே ஜாடி ஒரு பக்கம் நல்ல சிவப்பு, திருப்பினா பாசி பிடிச்ச சுவர், நடுவுல எதுலயும் சேராத ஒரு சாம்பல், ஆறட்டும்னு ராத்திரி முழுக்கக் காத்திருந்து மூடியைத் திறந்தா இப்படி. ஷாப்லே ஜாடியோட படத்தைப் பாருங்க, வாய்ப்பக்கம் க்ளேஸ் மெலிஞ்சு வெள்ளையா ஒரு கோடு, அங்கிருந்து சிவப்பு இறங்கி இறங்கி கீழ வந்து கெட்டியா நிக்கும், பாதத்தைத் தாண்டி வழியாது. தாண்டினா ஜாடி தட்டோட ஒட்டிக்கும், உடைச்சுத்தான் எடுக்கணும். படம் வரையறதே இல்லை, பூ இல்லை, பொண்ணுங்க இல்லை, நெருப்பு போட்டதுதான் அலங்காரம். 1889 பாரிஸ் கண்காட்சியில இதுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தாங்க.

கோகனை அவர் கைவிடவும் இல்லை. உங்க கட்டுரையில 'ஒவிரி' சிலையைப் பத்தி ஒரு பத்தி வருதே, 1894ல செஞ்சது, அதைச் சுட்டுக் கொடுத்ததும் ஷாப்லே சூளைதான். அடுத்த வருஷம் கண்காட்சியில அதை வேண்டாம்னு தள்ளினப்ப, அப்படின்னா என் சாமானையும் எடுத்துட்டுப் போறேன்னு ஷாப்லே நின்னதால சேர்த்துக்கிட்டாங்கன்னு ஒரு கதை, இல்லை கடைசி வரைக்கும் சேர்க்கவே இல்லைன்னு இன்னொரு கதை. எது சரியோ, ரெண்டு கதையிலயும் கோகனுக்கு நல்லதாதான் இருந்திருக்கார் மனுஷன்.

இந்த வேலை முழுக்க கண்ணை நம்பின வேலை, நெருப்போட நிறத்தைப் பார்த்துதான் அடுத்து என்னன்னு முடிவு பண்ணணும். 1904ல அவருக்குப் பார்வை போயிடுச்சு. அவங்க குடும்பத்துலேயே பொண்ணு கட்டின எமில் லெனோப்ள் பட்டறையை ஏத்துக்கிட்டார், ஷாப்லே 1909ல இறந்துட்டார். லெனோப்ள் அந்த சிவப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கலை, கொரியா, சீனாவோட பழைய ஸ்டோன்வேர் பக்கம் போயிட்டார், அது தனிக் கதை.

திருத்தம் போடுறதா இருந்தா பெருசா எதுவும் வேண்டாம், வனைந்தவர் ஷாப்லே, அலங்கரித்தவர் கோகன்னு ஒரு வரி போதும். அந்தப் படத்தை மறுபடி போட்டா ஜாடியோட பாதம் வரைக்கும் போடுங்க, போன வாரம் விளம்பரத்துக்காக அடியை வெட்டிட்டீங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கிற ஒரு வாசகர்