தொடக்கப்பள்ளிகளில் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் செயல்முறைகள் வெளியிடக் கோரி மனு

அனுப்புநர்:
தென் மாவட்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்கள் மற்றும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள்
(பெயர், கையொப்பம் இணைப்பில்)

பெறுநர்:
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சாதி, பாலினம், உடற்குறை ஆகியவற்றின் பெயரால் நடக்கும் பாகுபாட்டைத் தடுத்தல் – தொடக்கப்பள்ளிகளுக்கெனத் தனிச் செயல்முறைகள் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வன்மத்தால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அவற்றை முழு மனதோடு வரவேற்கிறோம். ஆனால் கயிறு கட்டுகிற வயது பதின்மூன்று, பதினான்கு. யார் மொண்ட தண்ணீரை யார் குடிக்கக் கூடாது என்று பிள்ளை தெரிந்துகொள்கிற வயது ஐந்து, ஆறு. அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடமே நடத்திவிடாமல் பார்த்துக்கொள்வது தங்கள் இயக்ககத்தின் கையில் இருக்கிறது.

சட்டம் தெளிவாகவே உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 8-இல் அரசுக்கும் பிரிவு 9-இல் உள்ளாட்சிக்கும், நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை விதிக்கிறது. பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "பாகுபாடு கூடாது" என்ற ஒற்றை வரிச் சுற்றறிக்கைகளும் வந்திருக்கின்றன. ஆனால் இரண்டு ஆசிரியர்களும் அறுபது பிள்ளைகளும் உள்ள பள்ளியில், காலை ஒன்பது மணிக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பது எதிலும் இல்லை. அதைத்தான் கேட்கிறோம்.

முதலில் கழிப்பறை. பள்ளிக் கழிப்பறையைப் பிள்ளைகளே கழுவினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் தலைமை ஆசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார், அத்தோடு விஷயம் முடிகிறது. காரணம் அப்படியே இருக்கிறது. தூய்மைப் பணியாளருக்குத் தரும் மாத ஊதியம் மிகக் குறைவு. அதுவும் பல மாதம் நின்று, பிறகு மொத்தமாக வருகிறது. அவர் நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய்விடுகிறார். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாத பள்ளியில் இரண்டே நாளில் கழிப்பறை நாறிவிடும். அப்போது வாளி ஒரு பிள்ளையின் கைக்குப் போகிறது. எந்தப் பிள்ளையின் பெற்றோர் வந்து கேள்வி கேட்க மாட்டார்களோ அந்தப் பிள்ளையின் கைக்கு.

அறுபது பிள்ளைகள், இரண்டு கழிப்பறைகள் என்றால் நாளொன்றுக்கு ஒரு மணி நேர வேலை: காலை இடைவேளைக்குப் பின் ஒருமுறை, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் தொகுப்பு மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். 2,500 ரூபாயைப் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. துடைப்பமும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்கவே அது போதாது. கூலிக்கு எங்கே போவது? ஆகவே பணியாளர் ஊதியம் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். அவர் மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் மாற்று ஆளை அனுப்பும் பொறுப்பு ஊராட்சிச் செயலருடையது என்று ஊரக வளர்ச்சித் துறையோடு சேர்ந்து ஆணையிட வேண்டும். தண்ணீர் இணைப்பு இல்லாத கழிப்பறைகளின் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு மாதத்தில் தர வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் அந்த ஆணையில் எழுதுங்கள். சாதி என்று சொன்னால் மறுப்பவர்கள் கூட அதைக் கேட்டால் பிள்ளைகளைக் கழிப்பறைப் பக்கம் அனுப்பத் தயங்குவார்கள்.

தன் வகுப்பறையைத் தானே பெருக்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது எல்லோருக்கும் முறை வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது பெண் பிள்ளைகள் பெருக்குகிறார்கள், கோலம் போடுகிறார்கள். பையன்கள் மணியடிக்கிறார்கள், கடைக்குப் போய் வருகிறார்கள். வகுப்புச் சுவரில் வரிசை எண் போட்ட முறைப் பட்டியல் ஒன்று தொங்கினால் இது ஒரே வாரத்தில் மாறும்.

அடுத்து உட்காரும் இடம். அகரவரிசை முறை உயர்நிலைப் பள்ளிக்குப் பொருந்தும். ஓரறையில் மூன்று வகுப்புகள் பாயில் உட்காரும் தொடக்கப்பள்ளிக்கு அது பொருந்தாது. இங்கே, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி, கற்றல் நிலை வாரியாக அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று குழு பிரிக்கிறோம். நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டில் படித்தவர் இல்லாத, பால்வாடிக்கு ஒழுங்காக அனுப்பப்படாத பிள்ளைகள் அரும்பில் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருவாக அமைந்துவிடுவதைப் பல பள்ளிகளில் காண்கிறோம். மாதக்கணக்கில் குழு மாறாவிட்டால் பாடத்துக்காகப் போட்ட பாய் தெருவின் பாயாகிவிடும். ஆசிரியர் மனதில் துளி வேற்றுமை இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

எங்கள் பரிந்துரை இது. நிலைக் குழு மொழிக்கும் கணக்குக்கும் உரிய நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். மற்ற நேரம் முழுக்கச் சீட்டுக் குழு. திங்கட்கிழமை காலை எண் எழுதிய அட்டைகளைப் பிள்ளைகளே எடுக்க வேண்டும். 24 பிள்ளைகள் என்றால் ஆறு பாய், பாய்க்கு நால்வர். பார்வை, செவிக் குறையுள்ள பிள்ளைக்கு மட்டும் முன் பாய் நிலையானது. நிலைக் குழுவை ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப மதிப்பிட்டு மாற்ற வேண்டும். இரண்டு மதிப்பீட்டுக்கு மேல் அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகளின் பட்டியலை வட்டார வளமையம் தனியே பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வழி எளிது. பானையும் மொள்ளும் குவளையும் இருக்கிற வரை யார் மொள்வது என்ற கேள்வியும் இருக்கும். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வைத்தால் கேள்வியே இல்லை. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் பள்ளி டிரம்மில் தண்ணீர் பிடிக்க மாட்டேன் என்று ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் ஒதுங்கினால் ஆசிரியர் அதைக் கவனித்தாக வேண்டும்.

உணவு அப்படியல்ல, இதில் ஊரே தலையிடுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. சமைப்பவர் சுய உதவிக் குழுப் பெண்; பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய். விரிவாக்கம் வந்த அடுத்த மாதமே கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சமூகப் பெண் சமைத்ததை உண்ணப் பிள்ளைகளை விடாத செய்திகள் வந்தன. ஆட்சியரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைப் பாராட்டுகிறோம். ஆனால் எல்லா ஊருக்கும் ஆட்சியர் வர முடியாது. செய்தியாகாத ஊர்களில் நடப்பது வேறு: "எதுக்கு வம்பு" என்று சமையலரையே மாற்றிவிடுகிறார்கள். புறக்கணிப்பு அங்கே வெற்றி பெறுகிறது, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே செயல்முறைகளில் முதல் வரியாக, புறக்கணிப்பைக் காரணம் காட்டிச் சமையலரை மாற்றக் கூடாது என்று இருக்க வேண்டும். சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை தினமும் செயலியில் ஏறுகிறது. புதுச் சமையலர் வந்த பிறகு மூன்று நாள் தொடர்ந்து எண்ணிக்கை பாதிக்குக் கீழே விழுந்தால் அந்தத் தகவல் வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தானாகவே போகும்படி செய்யலாம். புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. நான்காம் நாள் அந்த அலுவலரும் வட்டாட்சியரும் பள்ளியில் காலை உணவு உண்ண வேண்டும். அன்று மாலையே பெற்றோரைத் தெருத் தெருவாக அல்லாமல் ஒரே கூட்டமாக அழைத்துப் பேச வேண்டும். சமூகப் புறக்கணிப்பு செய்வதும் அப்படிச் செய்வதாக மிரட்டுவதும் 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அங்கே வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் இந்த அளவே போதும். மதிய உணவை ஆசிரியர் ஒருவர் முதலில் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அதைச் சமையலறைக்குள் ஒரு கரண்டியோடு முடித்துவிடாமல், பிள்ளைகள் முன்னிலையில் அதே தட்டில், அதே வரிசையில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். தட்டுகள் எல்லாம் பள்ளியுடையதாக, ஒரே மாதிரி இருக்கட்டும். வீட்டுத் தட்டு வந்தால் அதோடு வீடும் வருகிறது.

பதிவேட்டிலும் பேச்சிலும் உள்ளவை கண்ணுக்குத் தெரியாதவை. சாதி விவரம் சேர்க்கைப் பதிவேட்டிலும், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையத் தளத்திலும் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் மறுபடி எழுத அவசியமே இல்லை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பெண் பிள்ளைகளின் ஊக்கத்தொகைக்கு வங்கிக் கணக்கு எண் கேட்கும் நாளில், "எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்கிறது. அன்றுவரை தன் சாதி இன்னதென்று அறியாத பிள்ளையும் அன்றைக்குத் தெரிந்துகொள்கிறது. உதவித்தொகை பற்றிய பேச்சு பெற்றோருடன் மட்டும், தொலைபேசியிலோ தலைமை ஆசிரியர் மேசையிலோ நடக்க வேண்டும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். "காலனிப் பிள்ளைங்க" என்ற சொல் வகுப்பறைகளில் இன்னும் புழங்குகிறது. பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தெருவையோ, அப்பன் தொழிலையோ, நிறத்தையோ, உடற்குறையையோ சொல்லிக் கூப்பிடக் கூடாது.

சேர்க்கை பற்றிச் சுருக்கமாக. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகளும் இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகளும் பிறப்புச் சான்றும் ஆதாரும் இல்லை என்ற காரணத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வயதுச் சான்று இல்லாததற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 14 சொல்கிறது. எமிஸ் தளத்தில் ஆதார் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது என்று தலைமை ஆசிரியர்கள் நினைப்பதுதான் நடைமுறைத் தடை. அப்படியில்லை என்று ஒரு வரி ஆணையும், 'சான்று பின்னர்' என்று பதிய ஒரு கட்டமும் வேண்டும்.

சாய்தளங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்தளம் 540 சென்டிமீட்டர், ஏறத்தாழ 18 அடி நீளம் வர வேண்டும். பல பள்ளிகளில் ஆறடியில் கட்டிப் புகைப்படம் எடுத்து முடித்திருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் கவிழும். சாய்தளம் முடியும் இடத்தில் மணல் கிடந்தாலும் பயனில்லை. இனிமேல் அளவு சரிபார்க்காமல் பணி நிறைவுச் சான்று தரக் கூடாது. கழிப்பறைக் கதவின் அகலமும் 90 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

புகார் முறைக்கு 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத வராது. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. புகார் அவர்மீதே இருந்தால்? பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவியைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடமும் இன்னொன்றை வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு அழுகிற முகம், தண்ணீர்க் குவளை, துடைப்பம், தட்டு என்று படம் அச்சிட்ட அட்டைகள் போதும். அட்டை விழுந்தால், வேறு பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளையிடம் ஒரே ஒருமுறை, தாய் அருகிலிருக்க, பேச வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் நிறுத்தி "சொல்லு, நானா சொன்னேன்?" என்று கேட்கும் விசாரணை கூடவே கூடாது. விசாரணை முடியும்வரை இடம் மாற வேண்டியவர் பெரியவர்தான், பிள்ளை அல்ல. எழுத்து வடிவப் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32. ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்பது ஒரு பருவம் முழுவதும். முப்பது நாள் என்று தாங்கள் ஆணையிடலாம். 14417 (கல்வி உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) ஆகியவற்றைப் பிள்ளையின் கண் உயரத்தில், தரையிலிருந்து மூன்றடியில் எழுதச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம் என்பது சட்டம். பட்டியலில் அது இருக்கிறது. வேலை நாளில் பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் காட்டு வேலைக்குப் போன தாய் எப்படி வருவார்? கையெழுத்து நோட்டு மறுநாள் அவர் வீட்டுக்குப் போகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல், பள்ளிக் கட்டடத்திலேயே கூட்டம் நடக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, இல்லாவிட்டால் எல்லோருக்கும் பாய்.

இவை எல்லாம் பார்வையில் பதிய, வட்டாரக் கல்வி அலுவலரின் ஆய்வுப் படிவத்தில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். ஆய்வும் முன்னறிவிப்பில்லாமல், மதிய உணவு நேரத்தில் நடக்கட்டும். பத்தரை மணிக்கு வந்தால் பள்ளியில் எந்தக் குறையும் தெரியாது. குறுவள மையக் கூட்டத்தில் ஓர் அமர்வை இதற்கு ஒதுக்கி, "சமையலரை மாற்றச் சொல்லி ஊர்ப் பெரியவர் வந்து நிற்கிறார், நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்பது போன்ற சூழல்களை ஆசிரியர்கள் பேசிப் பழக வேண்டும். தனியாக நிற்கும் தலைமை ஆசிரியருக்கு ஆணையின் நகல் ஒரு கவசம். "மேலிடத்து உத்தரவு, என்னால் மாற்ற முடியாது" என்று அவர் சொல்ல முடியும்.

வரும் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன் இச்செயல்முறைகளை வெளியிடவும், வரைவு நிலையில் எங்களை ஒருமுறை அழைத்துக் கேட்கவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்: மாவட்டக் கல்வி அலுவலர்கள் (தொடக்கக் கல்வி), ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி இயக்குநர் அவர்கள்.